அலைக்கும் தவணைக்கும் நடுவே

1907-ல் சென்னையில் ஏமாந்த மக்களுக்காகப் பிறந்தது இந்தியன் வங்கி. அந்த வங்கியும் பழவேற்காட்டு மீனவர்களும் ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள்?

பழவேற்காடு ஏரியில் பணம் நிலவைப் பார்த்து வருகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வேகமெடுக்கும். வலையில் இறால் ஏறும். இடைப்பட்ட நாட்களில் ஓட்டம் மந்தப்படும், வலை இலேசாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் திறந்து ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்தால் இறால்குஞ்சுகள் ஏரிக்குள் புகுந்து வளரும். மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோனால் ஒரு பருவமே கைநழுவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். புயல் எச்சரிக்கை வந்தால் பைபர் படகுகளும் கரையேறிவிடும்.

செலவுக்கு இப்படிப் பருவம் கிடையாது. அரிசி தினமும் வேண்டும். பள்ளிக் கட்டணம் ஜூனில், அதாவது தடைக்காலம் முடியும் முன்பே கேட்கப்படும். வலை கிழிந்தால் அன்றைக்கே தைத்தாக வேண்டும். இன்ஜின் பழுதானால் மெக்கானிக்குக்குக் கையில் காசு வைக்க வேண்டும். மீன் இல்லாத நாளில் வரும் செலவைச் சமாளிக்க யாரிடம் கை நீட்டுவது என்பதுதான் கோட்டைக்குப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் லைட் ஹவுஸ் குப்பத்திலும் வீட்டுக்கு வீடு இருக்கும் கேள்வி. வியாபாரியிடமா, தண்டல்காரரிடமா, வங்கியிடமா? வாங்குகிற தொகை ஒன்றாகவே இருந்தாலும், யாரிடம் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து அந்தக் குடும்பத்தின் அடுத்த பத்தாண்டு மாறிவிடுகிறது.

பழவேற்காடு அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்தியன் வங்கியே முன்னோடி வங்கி. மாவட்டத்தின் கடன் திட்டத்தை மற்ற வங்கிகளோடு சேர்ந்து வகுத்து, ஒருங்கிணைத்து நடத்தும் பொறுப்பு அதனுடையது. ஆகவே இந்தக் குப்பங்களின் கேள்விக்குப் பதில் தேடும்போது அந்த வங்கியின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கதை தொடங்குவதும் ஏமாற்றப்பட்ட எளியவர்களின் பணத்தில்தான்.

கடற்கரைச் சாலையில் ஒரு சரிவு

1906 அக்டோபர் 22. சென்னையின் பெரிய ஆங்கிலேய வணிக நிறுவனங்களில் ஒன்றான அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. பாரி, பின்னி, அர்பத்நாட் என்ற மூன்று பெயர்களும் அன்றைய சென்னையில் மலைபோல் நின்றவை. ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களும் விதவைகளும் கோயில் அறக்கட்டளைகளும் சிறு வியாபாரிகளும் தங்கள் சேமிப்பை அர்பத்நாட்டிடம் கொடுத்து வட்டி வாங்கி வந்தார்கள். வெள்ளைக்காரர் கம்பெனியில் போட்ட பணம் பத்திரம் என்பது அன்றைய நம்பிக்கை. ஒரே நாளில் அது பொய்த்தது.

லண்டனில் இருந்த பங்குதாரர் பேட்ரிக் மக்ஃபேடியன் ரயில் முன் பாய்ந்து உயிரை விட்டார். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து, அவருக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. ஆனால் தண்டனையால் யாருடைய சேமிப்பும் திரும்பிவிடவில்லை. பணம் இழந்தவர்களின் சார்பில் நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் முக்கியமானவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

1863-ல் பிறந்த கிருஷ்ணசாமி ஐயர் அரசியலில் மிதவாதி. தீவிரவாத அணியில் நின்ற பாரதியின் பாடல்களைக் கேட்டு உருகி, 15,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகப் பரப்பியவர் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்த செய்தி. மயிலாப்பூரில் வெங்கடரமணா மருத்துவசாலையும் சம்ஸ்கிருதக் கல்லூரியும் அவர் முயற்சியால் வந்தவை. அர்பத்நாட் சரிவின் வலியை வழக்குக் கட்டுகளில் நேரில் கண்டவர், அதோடு வழக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. இந்தியர்களின் சேமிப்பை இந்தியர்களே காக்கும் ஒரு வங்கி வேண்டும் என்று சென்னையின் பிரமுகர்களுக்கு அறைகூவல் விடுத்தார்.

அந்தக் காலத்தின் காற்றும் அதற்குத் தோதாக இருந்தது. அதே 1906 அக்டோபரில், அர்பத்நாட் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்திருந்தார். கப்பலுக்கும் வங்கிக்கும் பின்னால் இருந்த எண்ணம் ஒன்றே: நம் பொருளை நாமே ஆள வேண்டும்.

1907 மார்ச் 5 அன்று 20 லட்சம் ரூபாய் அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்துடன் இந்தியன் வங்கி பதிவானது. ஆகஸ்ட் 15-ல், சென்னை பாரிமுனையில் பாரி கட்டடத்தில் அலுவல் தொடங்கியது. நாட்டு விடுதலை அதே தேதியில் வர இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன. வங்கித் தொழிலைத் தலைமுறைகளாக அறிந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் பங்கெடுத்தார்கள். வழக்கறிஞரின் எண்ணத்துக்கு நகரத்தாரின் முதலும் அனுபவமும் துணை நின்றன. அர்பத்நாட் கம்பெனியின் கட்டடம் இருந்த அதே கடற்கரைச் சாலை இடத்தில் பின்னாளில் இந்தியன் வங்கியின் தலைமை அலுவலகம் எழுந்தது.

தமிழர் பிழைக்கப் போன திசையெல்லாம் வங்கியும் போனது. 1932-ல் கொழும்பில் கிளை திறந்தது. பிறகு ரங்கூன், சிங்கப்பூர். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களின் பணம் ஊர் வந்து சேர ஒரு வழி அமைந்தது.

இந்தப் பிறப்பை இன்றைய வாடிக்கையாளரும் ஊழியரும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. லாபம் பார்க்கும் ஆசையில் மட்டும் தொடங்கப்பட்ட நிறுவனம் அல்ல இது. பெரியவர்களை நம்பிப் பணத்தைக் கொடுத்து ஏமாந்த சின்ன மனிதர்களுக்கு நம்பத் தகுந்த ஓர் இடம் வேண்டும் என்ற தேவையும் அதன் அஸ்திவாரத்தில் இருக்கிறது. அந்தத் தேவை மயிலாப்பூரில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்த இடங்களுக்கு வங்கி போய்ச் சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

கிராமத்துக்கு வந்த பாதை

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. இந்தியன் வங்கியும் அவற்றில் ஒன்று. அன்று இந்தியா முழுவதும் இருந்த வணிக வங்கிக் கிளைகள் 8,262. அவற்றில் கிராமப்புறக் கிளைகள் 1,833 மட்டுமே. நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்ந்த கிராமத்தில் வங்கிகள் கால்வாசிகூட இல்லை. உழவருக்கும் மீனவருக்கும் நெசவாளருக்கும் வங்கி என்பது பட்டணத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்று.

அதே ஆண்டு டிசம்பரில் ரிசர்வ் வங்கி முன்னோடி வங்கித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாவட்டமும் ஒரு வங்கியின் பொறுப்பில் விடப்பட்டது. எங்கே கிளை வேண்டும், யாருக்குக் கடன் எட்டவில்லை என்று பார்த்துத் திட்டமிடுவது அந்த வங்கியின் கடமை. வட தமிழ்நாட்டின் மாவட்டங்கள் பலவற்றில் அந்தக் கடமை இந்தியன் வங்கிக்கு வந்தது. வங்கிகள் கொடுக்கும் கடனில் 40 விழுக்காடு விவசாயம், சிறுதொழில், நலிந்த பிரிவினர் என முன்னுரிமைத் துறைகளுக்குப் போக வேண்டும் என்ற விதியும் வலுப்பட்டது. மீன்பிடித் தொழில் அந்தப் பட்டியலில் விவசாயத்தோடு சேர்த்து எண்ணப்படுகிறது.

சட்டம் வந்ததும் மனம் மாறிவிடவில்லை. கடன் கொடுக்க வங்கி ஈடு கேட்டது. நிலப் பட்டா இருந்தவருக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. கடலோரக் குப்பங்களில் பல வீடுகள் நிற்கும் மனைக்குப் பட்டா கிடையாது. மீனவரின் சொத்து படகும் வலையும். இரண்டுமே தண்ணீரில் இருப்பவை, ஒரு புயலில் போய்விடக் கூடியவை. வங்கியின் படிவத்தில் அவற்றுக்குச் சரியான கட்டம் இல்லை. அந்த இடைவெளியில் நின்றவர், நூற்றாண்டுகளாக அங்கேயே நிற்கும் முன்பணக்காரர்.

முன்பணத்தின் பழைய ஊர்

முன்பணம் கொடுத்து உழைப்பைக் கட்டிப்போடும் வழக்கம் பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்திறங்கியது. 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகரம் பழவேற்காடுதான். இங்கே அவர்கள் நாணயச் சாலையும் வைத்திருந்தார்கள்.

அவர்கள் தேடி வந்தது துணியை. கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் விற்றவர்கள் பதிலுக்குச் சோழமண்டலத் துணியை விரும்பிக் கேட்டார்கள். அந்தத் துணிக்காகக் கம்பெனி உள்ளூர் வணிகர்களிடம் முன்பணம் கொடுத்தது. வணிகர் நெசவாளரிடம் கொடுத்தார். பணம் வாங்கிய தறி, பணம் கொடுத்தவருக்கே நெய்தாக வேண்டும். விலையும் அவர் சொல்வதே. பஞ்ச காலங்களில் நிலைமை இன்னும் கொடியது. பசியால் விலைபோன மனிதர்கள் இந்தத் துறையிலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

கோட்டை போனபின்னும் முன்பணத்தின் கணக்கு மாறவில்லை. இன்று தமிழகக் கடலோரம் நெடுகிலும் நடப்பது இது: படகுக்கும் வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரி பணம் தருகிறார். பல இடங்களில் அந்தப் பணத்துக்கு வெளிப்படையான வட்டி இல்லை. கேட்கத் தாராளமாகவே தோன்றும். ஆனால் பிடித்த மீனை அவரிடம்தான் போட வேண்டும். ஏலத்தில் கமிஷன் கழியும். அல்லது சந்தை விலைக்குக் கீழே ஒரு விலை போடப்படும். கடன் தீரும்வரை இப்படியே. வலை கிழிந்து இன்னொரு முறை வாங்கினால் தீரும் நாளும் தள்ளிப்போகும். வட்டி என்று ஒரு வரியும் எழுதப்படாததால், தான் ஆண்டுக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று மீனவரால் கணக்குப் போடவும் முடியாது.

வியாபாரியைக் கெட்டவராக மட்டும் வரைந்துவிடுவதும் நியாயம் ஆகாது. இரவு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்டால் தருபவர் அவர். ஈடு கேட்பதில்லை, படிவம் கேட்பதில்லை. மீன்பாடு இல்லாத வாரத்தில் தவணை கேட்டு வாசலில் நிற்பதும் இல்லை. மீன் வந்தால் எடுத்துக்கொள்வார். ஏரியின் போக்கைப் புரிந்த கடன் அது. அதனால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. அதன் விலைதான் அநியாயம். இந்த வியாபாரியிடம் வங்கி கற்றுக்கொள்ள வேண்டியதும், இவரிடமிருந்து மீனவரை விடுவிக்க வேண்டியதும் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன.

பாடு: ஏரியின் சொந்த ஒழுங்கு

மீனவருக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. ஒழுங்காகச் சேமிக்கத் தெரியாதவர்கள், கிடைத்ததைச் செலவழிப்பவர்கள் என்று கரையில் இல்லாதவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் பழவேற்காட்டின் பாடு முறையைப் பார்க்க வேண்டும்.

ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சில. எல்லோரும் அங்கேயே வலை கட்ட முடியாது. முறை வைக்காவிட்டால் தினம் சண்டைதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் தங்களுக்குள் முறை வகுத்துக்கொண்டன. தலைக்கட்டு என்று கணக்கில் உள்ள குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பாடு ஒதுக்கப்படும். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை நகர்ந்து வேறு இடம் போவார்; எல்லோருக்கும் நல்லதும் சுமாரும் சுற்றி வரும். முறை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். அரசு எழுதிக் கொடுத்த சட்டம் இதில் ஏதுமில்லை. பல தலைமுறையாக வாய்ச்சொல்லிலும் ஊர்க் கட்டுப்பாட்டிலும் நடந்து வருவது. பொதுவளங்களை மக்களே நிர்வகிக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஆய்வாளர்கள் பலர் பாடு முறையை எழுதியிருக்கிறார்கள்.

இந்த முறைக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஏரியின் ஆழமில்லாத நீரில் இறங்கி, கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குப் பாடும் இல்லை, படகும் இல்லை. மீன் வாங்கிக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்கும் பெண்களுக்குத் தினமும் காலையில் கொள்முதல் பணம் வேண்டும். கடன் ஏறுவதில் இவர்களே முதல். வங்கியின் கண்ணில் படுவதில் கடைசி.

ஆனாலும் பாடு ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்கிறது. நாளைக்கு வர இருப்பதை இன்றே பங்கிட்டுக்கொள்ளவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும், கொடுத்த சொல்லைக் காப்பாற்றவும் தெரிந்த மக்கள் இவர்கள். கடன் ஒழுக்கம் என்று வங்கிகள் சொல்வது இதைத்தான்.

தர்மபுரியில் பெண்கள் காட்டிய வழி

ஈடில்லாத மக்களிடம் வாக்குறுதியே ஈடு என்பதை இந்தியன் வங்கி ஒருமுறை தானே கண்டறிந்திருக்கிறது. 1989-ல், சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. அதில் கடன் கொடுக்க முன்வந்த வங்கி இந்தியன் வங்கி. மழை பொய்க்கும் ஊர்களில் பெண்கள் குழுவாகக் கூடி, சிறுகச் சிறுகச் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிப் பழகினார்கள். பிறகு குழுவின் பெயரில் வங்கிக் கடன். ஒருவர் தவறினால் மற்றவர்கள் கேட்பார்கள். ஒருவருக்கு இடர் வந்தால் மற்றவர்கள் தாங்குவார்கள். 1992-ல் நபார்டு நாடு முழுவதும் 500 குழுக்களோடு வங்கி இணைப்புச் சோதனையைத் தொடங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழகம் எங்கும் குழுமுறை பரவியது.

பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் குழுக்கள் வந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரம் முழுதும் அவை பெருகின. வங்கி வாசலை மிதித்தே அறியாத பெண்கள் பாஸ்புக் வைத்துக்கொண்டார்கள், கையெழுத்துப் போடக் கற்றார்கள், மேனேஜர் எதிரே உட்கார்ந்து பேசினார்கள். மீன் கொள்முதலுக்கும் கருவாட்டுத் தொழிலுக்கும் குழுக் கடன் உதவியது. இன்று மகளிர் குழுக்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஈடில்லாமல் கடன் தரலாம் என்பது விதி.

2005-ல் இன்னொரு படி. புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் வங்கிக் கணக்கு திறந்து கொடுத்தது இந்தியன் வங்கி. இந்தியாவில் அப்படி அமைந்த முதல் கிராமம் அது. குறைந்தபட்ச இருப்பு இல்லாத எளிய கணக்கு என்ற எண்ணம் அங்கிருந்து நாடெங்கும் நடந்து, 2014-ல் ஜன் தன் திட்டமாக விரிந்தது.

கணக்கு ஒன்று இருப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் தடைக்காலத்தில் குப்பத்துக்கு வர வேண்டும். தடைக்கால நிவாரணமும் மீன்பிடிப்பு குறைந்த பருவத்துக்கான உதவியும் நேராகக் கணக்கில் விழுகின்றன. மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால், மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து, தொழில் இல்லாத மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. மீனவப் பெண்களுக்கும் இதே போன்ற திட்டம் தமிழகத்தில் உண்டு. முன்பெல்லாம் நிவாரணப் பணம் பல கைகளைத் தாண்டி வரும், தாண்டும்போது கரையும். இப்போது அது குடும்பத்தின் பெயரில் வந்து நிற்கிறது. இது சிறிய மாற்றம் அல்ல.

மக்கள் காப்பாற்றிய வங்கி

இந்தியன் வங்கியின் வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. 1996 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அது 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. அதுவரை இந்திய வங்கி எதுவும் அத்தனை பெரிய நஷ்டத்தைக் கண்டதில்லை. பெரிய இடங்களுக்குக் கொடுத்த பெரிய கடன்கள் திரும்பாமல் போனது முக்கியக் காரணம். வங்கியையே மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது.

மூடவில்லை. அரசு கருவூலத்திலிருந்து மூலதனம் கொட்டியது. 2000-ல் தலைமை ஏற்ற ரஞ்சனா குமார், பொதுத்துறை வங்கியொன்றின் தலைவரான முதல் பெண். செலவைக் குறைத்தார், வாராக்கடனைத் துரத்தினார், ஊழியர்களைத் தன்னோடு நிற்க வைத்தார். 2002 மார்ச்சில் முடிந்த ஆண்டில் வங்கி மீண்டும் லாபத்துக்கு வந்தது. 2007-ல், நூற்றாண்டு ஆண்டில், பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் அளவுக்கு எழுந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று 1865-ல் பிறந்த அலகாபாத் வங்கியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது.

இந்த மீட்சியில் வங்கி ஊழியர்களின் உழைப்பு பெரிது. கூடவே இன்னொன்றும் உண்மை: வங்கியைத் தாங்கிய கருவூலப் பணம் எல்லோருடைய வரி. தீப்பெட்டி வாங்கும்போதும் வலை நூல் வாங்கும்போதும் பழவேற்காட்டு மீனவர் கட்டிய மறைமுக வரியும் அதில் இருக்கிறது. டெபாசிட் போட்டவர்களும் ஓடிவிடவில்லை. வங்கி தள்ளாடிய ஆண்டுகளிலும் தங்கள் சேமிப்பை அங்கேயே விட்டு வைத்தார்கள். அரசு கைவிடாது என்று நம்பினார்கள். வங்கிக்குக் கெட்ட பருவம் வந்தபோது அதற்கு அவகாசம் கிடைத்தது, முதல் கிடைத்தது, மீண்டெழ ஐந்தாறு ஆண்டுகள் கிடைத்தன. தனக்குக் கிடைத்த அதே அவகாசத்தைக் கெட்ட பருவத்தில் சிக்கிய சிறு மீனவருக்கும் தருவது அந்த வங்கியின் நியாயமான கடமை.

விதி இருக்கிறது, வேலை மிச்சம் இருக்கிறது

2018-19 மத்திய பட்ஜெட்டில் விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. வலை, எரிபொருள், ஐஸ், கூலி என்று அன்றாடத் தொழில் செலவுக்கான சுழல்கடன் இது. 2 லட்சம் ரூபாய் வரை 7 விழுக்காடு வட்டி. உரிய நாளில் திருப்பிக் கட்டினால் 3 விழுக்காடு சலுகை போக 4 விழுக்காடுதான். இந்த அளவுக் கடனுக்கு 2025 ஜனவரி முதல் ஈடும் கேட்கக் கூடாது. வியாபாரியின் முன்பணத்தையும் தண்டலையும் கரையிலிருந்து விலக்கும் வலிமை இந்த அட்டைக்கு உண்டு.

அந்த நெறிமுறையிலேயே ஒரு பொன்னான வாசகத்தின் கருத்து இருக்கிறது: கடன் வாங்கியவரின் தொழிலில் வருமானம் எப்படி வருகிறதோ, அதற்கேற்பத் திருப்பிச் செலுத்தும் காலத்தை வகுக்க வேண்டும். 2022-ல் வந்த நுண்கடன் விதிகளும் அதே திசையில், தவணைக் காலத்தைக் கடனாளியின் தேவைக்கேற்ப வளைக்க வங்கிகள் கொள்கை வகுக்க வேண்டும் என்கின்றன. வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்றும் வரம்பு கட்டுகின்றன. உழவருக்குப் பருவம் பார்ப்பது வங்கிகளுக்குப் பழகிய வேலை. குறுகிய காலப் பயிர்க்கடன் இரண்டு பயிர்ப்பருவம் தவறினால்தான் வாராக்கடன் ஆகும். ஏரிக்கும் அதேபோலப் பருவம் உண்டு.

தவணைத் தேதி ஏன் இத்தனை முக்கியம் என்று பார்ப்போம். கட்ட வேண்டிய நாள் மே மாதத்தில் விழுந்தால், தொழில் இல்லாத மீனவர் தவறுவார். தவறினால் 3 விழுக்காடு சலுகை போகும். கடன் தரப் பதிவேட்டில் கரும்புள்ளி விழும். அடுத்த முறை வங்கி மறுக்கும். அவர் வியாபாரியிடமே திரும்புவார். அதே தேதி இறால் நன்றாகப் படும் மாதத்தில் இருந்தால் அவரே முன்வந்து கட்டுவார். கடனாளியும் அதே, தொகையும் அதே. தேதி மட்டும் மாறினால் நல்ல வாடிக்கையாளர் கெட்டவராகிவிடுகிறார்.

எனவே செய்ய வேண்டியவற்றை வெளிப்படையாகச் சொல்லலாம்.

முதலாவது, ஏரியின் நாட்காட்டி. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கடன் என்ற அளவை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்கிறது. முன்னோடி வங்கி என்ற முறையில் இந்தியன் வங்கி அந்த மேசையில் முக்கிய இருக்கையில் அமர்கிறது. மீன்வளத்துறையையும் ஊர்ப் பஞ்சாயத்தாரையும் கூட உட்கார வைத்து, பழவேற்காட்டுக்கென்று தனிக் கடன் அளவும் தனித் தவணைக் காலமும் வகுக்க வேண்டும். முகத்துவாரம் தூர்ந்த ஆண்டிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் எண்ணூர் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து தொழிலைக் கெடுத்தது போன்ற காலங்களிலும், மீனவர் மனுப் போட்டு அலையாமலே தவணை தானாகத் தள்ளிப்போகும் ஏற்பாடு அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பாடு உரிமைக்கு மதிப்பு. மீனவர் கடன் அட்டைக்குப் படகுப் பதிவு, உரிமம், நீர்நிலைக் குத்தகை போன்ற ஆவணங்கள் கேட்கப்படுகின்றன. ஏரியில் பாடு உள்ளவரிடம் அப்படி ஒரு காகிதம் இல்லை; ஊர்ப் பதிவும் ஊரார் சாட்சியமும்தான் உண்டு. மீன்வளத்துறை அதை உறுதிசெய்து சான்று கொடுத்தால் வங்கி ஏற்றுக்கொள்ளும் வழி வேண்டும். படகும் பாடும் இல்லாத இருளர்களுக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் கூட்டுப் பொறுப்புக் குழு வழியாக இந்த அட்டை கிடைக்க வேண்டும். குழுக்களுக்கு அதில் இடம் உண்டு என்று நெறிமுறையே சொல்கிறது.

மூன்றாவது, மீனோடு சேர்ந்து நகரும் தவணை. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் மீனவர் சங்கங்கள் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்து காட்டியிருக்கின்றன. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980-ல் உருவானது. அதன் கிராமச் சங்கங்களில் மீனைச் சங்கமே ஏலம் விடும். விற்ற தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கு கடனுக்குக் கழியும். நிறைய மீன் வந்த நாளில் நிறையக் கழியும். வெறும் படகு திரும்பிய நாளில் ஒன்றும் கழியாது. வியாபாரியின் முன்பணத்தில் இருந்த நெகிழ்வு இதிலும் இருக்கிறது. கட்டிப்போடும் கயிறு மட்டும் இல்லை. பழவேற்காட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கங்களோடு கைகோத்து இந்தியன் வங்கி இப்படி ஒரு முறையைத் தொடங்க முடியும்.

நான்காவது, மனிதர். பண எடுப்புக்கு வங்கி முகவர்கள் கையில் கருவியோடு கிராமத்துக்கே வருகிறார்கள், நல்லது. ஆனால் கடன் கேட்பவரின் தொழில் புரிந்த அலுவலர் ஒருவர் கரைக்கு வந்து பார்க்க வேண்டும். சுத்துவலை என்ன விலை, ஒரு லோடு ஐஸ் எவ்வளவு, எந்த மாதம் கொடுவா படும், எந்த மாதம் நண்டு படும் என்று தெரிந்த மேனேஜர் கொடுக்கும் கடன் பெரும்பாலும் கெடாது. திருவள்ளூரில் வங்கி நடத்தும் சுயதொழில் பயிற்சி நிலையத்தில் கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். மீனவ இளைஞர்களுக்கு இன்ஜின் பழுதுபார்ப்பும் பெண்களுக்கு மீன் பதப்படுத்தலும் அங்கே தொடர்ந்து கற்றுத்தரப்பட்டால், கடனோடு வருமானமும் சேர்ந்து வளரும்.

கணக்கு நேராகும் இடம்

மீனவரின் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. குழுக் கடனை வாங்கித் திருமணத்துக்குச் செலவழித்துவிட்டு, அதை அடைக்கத் தண்டல் வாங்கும் வழக்கம் குடும்பங்களைச் சீரழிக்கிறது. அரசு ஒருநாள் தள்ளுபடி செய்யும் என்று காத்திருந்து கட்டாமல் விடுவதும் அடுத்தவருக்குக் கிடைக்க வேண்டிய கடனைத் தடுத்துவிடும். பாடு முறையில் தவறாதவர்கள் வங்கியிலும் முறை தவறக் கூடாது. நேர்மையான தேதியை வங்கி கொடுத்தால், அந்தத் தேதியில் நேர்மையாகக் கட்டுவதற்கு ஊரே பொறுப்பேற்க முடியும். பாடு முறையைக் காத்த ஊருக்கு இது இயலாத காரியம் இல்லை.

ஒரு வழக்கறிஞர், தன் கட்சிக்காரர்களின் கண்ணீரைப் பார்த்து ஒரு வங்கியை உண்டாக்கினார். அந்த வங்கி நாட்டுடைமை ஆனது, மாவட்டங்களின் பொறுப்பை ஏற்றது, தர்மபுரியின் பெண்களை நம்பியது, மங்கலத்தில் வீடு வீடாகப் போனது, விழுந்து மக்கள் பணத்தில் எழுந்தது. எளியவரை நம்பிய ஒவ்வொரு முறையும் அது சரியாகவே முடிவெடுத்திருக்கிறது. வலியவரை அளவுக்கு மீறி நம்பியபோதுதான் சறுக்கியது. அதன் சொந்த வரலாறு சொல்லும் பாடம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது.

பழவேற்காட்டின் குப்பங்கள் கேட்பது தானமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. ஏரி கொடுக்கும்போது கட்டவும், ஏரி கொடுக்காதபோது பொறுக்கவும் ஒரு கடன். அதற்கான விதி ரிசர்வ் வங்கியின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதை நடத்திக் காட்டும் அதிகாரம் முன்னோடி வங்கியின் கையில் இருக்கிறது. அடுத்த தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்குள் திருவள்ளூர் மாவட்டக் கூட்டத்தில் ஏரியின் நாட்காட்டி ஒரு தீர்மானமாக வரட்டும். 1907-ல் எடுத்துக்கொண்ட பொறுப்பை இந்தியன் வங்கி இன்றும் சுமக்கிறது என்று பழவேற்காட்டின் மீனவப் பெண்கள் அன்று நம்புவார்கள்.